பெயர் தவறிய நோய்: நிப்பாக் கிருமியும் இலாகாக்களின் கூட்டு முயற்சியும்

கொள்ளைநோய் ஒன்று நாட்டினுள் புகுந்துவிட்டால் அதை எதிர்க்கப் புறப்படுவோர் பலர். மருத்துவமனை டாக்டர்கள், ஆய்வுக்கூடத்தார், சுகாதார இலாகாவின் கள ஊழியர்கள், கால்நடை இலாகா, நகராண்மைக் கழகம், போலீஸ், வேண்டுமானால் இராணுவம், எல்லையில் சுங்கத்தார், பத்திரிகைகள், அயல்நாட்டு நிபுணர்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவ்வளவு பேரையும் ஒரே திசையில் நடத்திச் செல்வதையே கூட்டு நடவடிக்கை என்கிறோம். உத்தரவிட ஒரு தலைமை இருந்தால் போதும், எல்லாம் தானே நடந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். அந்த எண்ணம் பாதி உண்மையே.

மற்றப் பாதியை அறிய விரும்புவோர், 1998ஆம் ஆண்டின் இறுதியிலும் 1999ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் மலேசியாவில் பரவிய நிப்பா நோயின் வரலாற்றைப் படிக்க வேண்டும். அந்நோயின் முதல் ஐந்து மாதங்களில் உத்தரவுகளுக்குப் பஞ்சமில்லை. ஊழியர்கள் உழைக்காமலும் இல்லை. கொசு மருந்து அடிக்கப்பட்டது; தடுப்பூசி போடப்பட்டது; எச்சரிக்கைகள் வெளிவந்தன. இருந்தும் நோய் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குத் தாவியது. காரணம் என்ன? டாக்டர் கண்டதும் கால்நடை வைத்தியர் கண்டதும் பண்ணைக்காரர் கண்டதும் ஓரிடத்தில் வந்து சேரவில்லை. அவை சேராதவரை நோய்க்கு வைத்த பெயரே தவறாக இருந்தது. பெயர் தவறினால் அதன்பின் செய்வதெல்லாம் தவறும் என்பதை இந்நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றது.

ஈப்போவில் தொடங்கியது

1998ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் பேராக் மாநிலத்தில், ஈப்போ நகரை அடுத்த பன்றிப் பண்ணைப் பகுதிகளில் சிலர் கடும் காய்ச்சலில் விழுந்தனர். தலைவலி, மயக்கம், வலிப்பு, பின்னர் நினைவிழத்தல் என்று நோய் விரைந்து முற்றியது. மூளை அழற்சி என்பதில் டாக்டர்களுக்கு ஐயமில்லை. எதனால் வந்த மூளை அழற்சி என்பதே கேள்வி.

மலேசியாவில் பன்றித் தொழுவத்தருகே மூளைக் காய்ச்சல் என்றால் எந்த டாக்டருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஜப்பானிய மூளைக் காய்ச்சலாகும். அந்நோயின் கிருமி நீர்ப்பறவைகளிடத்தும் பன்றிகளிடத்தும் வாழ்வது. பன்றியின் இரத்தத்தில் அது பல்கிப் பெருகும். வயல்களிலும் தேங்கிய நீரிலும் பிறக்கும் க்யூலெக்ஸ் வகைக் கொசு பன்றியைக் கடித்துவிட்டு மனிதனைக் கடிக்குமானால் கிருமி மனிதனுக்கு வந்து சேரும். ஆகவே ஜப்பானியக் காய்ச்சலும் பன்றித் தொழுவத்தை ஒட்டியே தோன்றக் கூடியது. ஈப்போவில் தோன்றிய புதிய நோயும் அவ்வாறே தோன்றிற்று. இவ்வொற்றுமையைக் கண்டு ஏமாறாதவர் அரியர்.

போதாக்குறைக்கு இரத்தப் பரிசோதனையும் அதையே சொல்வது போலிருந்தது. நோயாளிகள் சிலரது இரத்தத்தில் ஜப்பானியக் காய்ச்சலுக்குரிய எதிர்ப்பொருள் காணப்பட்டது. இங்கே சற்று நின்று விளக்குவது நலம். உடலுள் ஒரு கிருமி புகுந்தால் அதை எதிர்க்க உடல் ஒரு பொருளைச் சுரக்கிறது, அதுவே எதிர்ப்பொருள். நோய் போன பின்னும் நெடுநாள் அது இரத்தத்தில் தங்கும். ஜப்பானியக் காய்ச்சல் நெடுங்காலமாக உலவிவரும் ஒரு நாட்டில், பன்றிப் பண்ணையிலே வேலை செய்யும் பலரது இரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் இருப்பது வியப்பன்று. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களிடமும் அது இருக்கும். அண்மையில் தொற்றியதைத் தனியே காட்டவல்ல சோதனையும் உண்டு. ஆனால் அது ஒரு சிலரிடம் காணப்பட்டால் எல்லார்க்கும் அதே நோய் என்று முடிவுகட்ட இயலாது. பூட்டிய வீட்டில் ஒரு சாவி கிடந்தால் அந்த வீட்டைத் திறந்தது அந்தச் சாவிதான் என்று சொல்லிவிட முடியுமா?

ஆனால் முடிவு கட்டப்பட்டது. கொசுவை ஒழிக்கும் பணி முடுக்கிவிடப்பட்டது. பண்ணைகளிலும் கம்பங்களிலும் மருந்துப் புகை அடிக்கப்பட்டது. மக்களுக்கு ஜப்பானியக் காய்ச்சல் தடுப்பூசி போடப்பட்டது, பன்றிகளுக்கும் போடப்பட்டது.

பொருந்தாத செய்திகள்

ஒரு கொள்கையை அசைப்பவை அதனோடு பொருந்தாத செய்திகள். ஈப்போ நோயில் அத்தகைய செய்திகள் தொடக்கத்திலிருந்தே இருந்தன. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆளிடம் இருந்ததுதான் இவ்வரலாற்றின் உட்கரு.

மருத்துவமனை டாக்டர்கள் கண்டது வயது. ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இந்நோயோ நடுவயது ஆண்களைத் தாக்கியது. பின்னாளில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையார் 94 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட குறிப்பில், சராசரி வயது 37 என்றும், ஒரு பெண்ணுக்கு நாலரை ஆண் என்ற விகிதம் என்றும், நூற்றுக்கு 93 பேர் பன்றிகளை நேரே தொட்டுப் பழகியவர் என்றும் காணலாம்.

சுகாதாரக் கள ஊழியர்கள் கண்டது, யாருக்கு நோய் வரவில்லை என்பது. நோயுற்றவர்களில் பெரும்பாலார் சீனர். இந்தியத் தொழிலாளரும் இருந்தனர். அதே வட்டாரத்தில் அதே கொசுக்களின் நடுவே வாழ்ந்த மலாய்க்காரர், பன்றியோடு தொடர்பே இல்லாதவர், நோய்க்கு ஆளாகவில்லை. கொசு மதம் பார்த்துக் கடிப்பதில்லை. ஒரே வீட்டில் இருவர், மூவர் நோயுற்றதும் உண்டு. அதுவும் ஜப்பானியக் காய்ச்சலின் வழக்கமன்று. அந்நோயின் கிருமி புகுந்த நூற்றுக்கணக்கானோரில் ஒருவருக்கே மூளை பாதிக்கப்படும். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயில் வீழ்ந்தனர்.

பண்ணைக்காரர்களும் கால்நடை வைத்தியர்களும் கண்டது பன்றி. ஜப்பானியக் காய்ச்சலால் சினைப்பன்றிகள் கரு சிதையலாம். வளர்ந்த பன்றி வேறு வகையில் நோயுறுவது அரிது. இங்கேயோ பன்றிகள் மூச்சுத் திணறின. குரைப்பதுபோல் பெருஞ்சத்தத்துடன் இருமின. அந்த இருமல் ஒரு மைல் தூரம் கேட்கும் என்று சொல்லி, ‘ஒரு மைல் இருமல்’ என்றே பெயரிட்டனர். சில பன்றிகளுக்கு நடுக்கமும் வலிப்பும் கண்டன. ஆனால் மடிந்தவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. பன்றிகள் கூட்டமாக மடிந்திருந்தால் கால்நடை இலாகா அன்றே பெரும் எச்சரிக்கை விடுத்திருக்கும். நோய் பன்றியிடம் மெல்ல நடந்து, மனிதனிடம் வேகமாக ஓடியதால், பன்றியின் இருமலை மனிதனின் மயக்கத்தோடு இணைத்துப் பார்ப்பது எவருக்கும் எளிதாக இல்லை.

வயது, இனம், தடுப்பூசி, இருமல் ஆகிய இந்நான்கும் ஒரே மேசையில் ஒரே நாளில் வைக்கப்பட்டிருந்தால், ‘இது கொசுவின் வேலையன்று, பன்றியிடமிருந்து நேரே வருவது’ என்று சொல்லப் பெரும் விஞ்ஞானி தேவைப்பட்டிருக்க மாட்டார். பின்னால் வந்தவர் இப்படிச் சொல்வது எளிது என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்று உலகில் எவரும் அறியாத நோய் அது.

லோரி ஏறிய நோய்

இதற்கிடையே வாணிகம் நிற்கவில்லை. பன்றி இருமுகிறது, பண்ணையில் ஆள் மடிகிறான் என்ற நிலையில் பண்ணை முதலாளி என்ன செய்வார்? கையிலுள்ள பன்றிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடவே பார்ப்பார். அது மனித இயல்பு. ஆசியப் பணநெருக்கடியின் தாக்கம் நீங்காத காலம் வேறு. பேராக்கிலிருந்து பன்றிகள் லோரிகளில் தெற்கே சென்றன. 1998 டிசம்பரில் நெகிரி செம்பிலானில் சிரம்பானை அடுத்த சிக்காமட்டில் நோய் தலைகாட்டியது. 1999 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதே மாநிலத்தின் புக்கிட் பிலாண்டோக் வட்டாரத்தில் அது வெடித்தது. அவ்வட்டாரம் அந்நாளில் நாட்டின் மிகப் பெரிய பன்றி வளர்ப்புப் பகுதியாக விளங்கியது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலார் அங்கிருந்தே வந்தனர்.

கொசுவை விரட்டிக்கொண்டிருந்தவர்கள் லோரியைக் கவனிக்கவில்லை. கொசுவே காரணம் என்று நம்பியவர்கள் லோரியைத் தடுக்க நியாயமும் இல்லை. தவறான பெயர் செய்யும் தீங்கு இதுவே. புகை அடித்ததால் எவருக்கும் கேடில்லை; பண்ணைக்காரனும் ‘கொசுவலை கட்டிவிட்டேன், ஊசி போட்டுவிட்டேன்’ என்று நம்பி நோயுற்ற பன்றியைத் தொடர்ந்து தூக்கிச் சுமந்ததில்தான் கேடு விளைந்தது.

புக்கிட் பிலாண்டோக் மக்கள் இறுதியில் இலாகா அறிவிப்பை நம்புவதை விட்டனர். ஊசி போட்ட அண்ணன் மடிவதைக் கண்ட தம்பிக்கு எந்த அறிவிப்பு ஆறுதல் தரும்? குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டு வெளியேறினர். பன்றிகள் தீனியின்றித் தொழுவங்களில் கிடந்தன. மக்களின் நம்பிக்கை முறிந்தால் எந்தக் கூட்டு நடவடிக்கையும் பாதி வழியில் நின்றுவிடும். செய்தி கொடுப்பவன் அவன், வழிவிடுபவன் அவன், ஒளித்து வைப்பவனும் அவனே.

பெயர் கிடைத்த கதை

1999 மார்ச் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் பகுதியில் டாக்டர் சுவா காவ் பிங் என்பவர், நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுநீரிலிருந்து ஒரு கிருமியை வளர்த்தெடுத்தார். அந்நோயாளி புக்கிட் பிலாண்டோக்கைச் சேர்ந்த சுங்கை நிப்பா கம்பத்துக்காரர். கண்ணாடிக் குப்பியில் வளர்க்கப்பட்ட உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய கட்டிகளாக உருகிக் கலந்தன. ஜப்பானியக் காய்ச்சல் கிருமி அவ்வாறு செய்வதில்லை.

சுவா அந்தக் கிருமியை எடுத்துக்கொண்டு அமெரிக்கா சென்றார். முதலில் போனது கொலராடோ மாநிலத்தின் போர்ட் காலின்ஸ் ஆய்வுக்கூடம். கொசுவாலும் உண்ணியாலும் பரவும் நோய்களை ஆராய்வதே அக்கூடத்தின் வேலை. தவறான பெயர் கடல் கடந்தும் கூடவே பயணம் செய்ததைப் பாருங்கள்! ஆனால் அங்கிருந்த மின்னணு நுண்ணோக்கி பொய் சொல்லவில்லை. கண்ணில் பட்டது பாராமிக்சோவைரஸ் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த கிருமி. தட்டம்மையும் பொன்னுக்கு வீங்கியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்குக் கொசு வேண்டியதில்லை. மூச்சு, எச்சில், சிறுநீர் போதும். அட்லாண்டா நகரிலுள்ள நோய்த்தடுப்பு மையத்தில் மேலும் ஆராய்ந்தபோது, 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பந்தயக் குதிரைகளையும் ஒரு பயிற்சியாளரையும் கொன்ற ஹெண்ட்ராக் கிருமியின் நெருங்கிய உறவு இது என்பது தெரிந்தது. பின்னர் சுங்கை நிப்பாவின் பெயரையே கிருமிக்கு இட்டனர்.

முதலில் பெயரைச் சரியாக அறிதல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இம்மண்ணில் பிறந்த மற்றொருவர் பெயரையும் சொல்லலாம். 1879இல் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென் தே, 1910 டிசம்பரில் சீன அரசாங்கத்தால் மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே பரவியது பிளேக். எலியையும் தெள்ளுப்பூச்சியையும் ஒழிப்பதே பிளேக்கிற்கு வைத்தியம் என்று அந்நாளில் எல்லாரும் சொன்னார்கள். பிணம் ஒன்றை அறுத்துப் பார்த்த வூ, இது நுரையீரலைத் தாக்கும் பிளேக், மூச்சின் வழியே ஆளிலிருந்து ஆளுக்குப் பரவுவது என்றார். எலி வேட்டைக்குப் பதிலாக முகமூடி, நோயாளிகளைப் பிரித்து வைத்தல், இரயில் போக்குவரத்துத் தடை, பிணங்களை எரித்தல் என்று திட்டம் மாறியது. முகமூடி அணிய மறுத்த பிரெஞ்சு டாக்டர் மெனி சில நாட்களில் மாண்டார். ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்ற அந்நோய் 1911ஆம் ஆண்டு வசந்தத்திற்குள் அடங்கிற்று.

பெயர் மாறியதும் மாறியவை

மீண்டும் மலேசியாவுக்கு வருவோம். நோயின் பெயர் என்பது டாக்டர்களின் குறிப்பேட்டில் எழுதும் ஒரு சொல் மட்டுமன்று. எந்த இலாகா முன்னே நிற்பது, எந்தச் சட்டம் கையில் எடுப்பது, பணம் எதற்குச் செலவாவது என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. கொசுவுக்கு 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் உண்டு. மனிதரிடையே பரவும் நோய்க்கு 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் உண்டு. இவ்விரண்டும் சுகாதார அமைச்சின் கையில் உள்ளவை. பன்றியைப் பிடிக்கவும், அதன் போக்குவரத்தைத் தடுக்கவும், அழிக்கவும் 1953ஆம் ஆண்டிலிருந்து வரும் விலங்குகள் சட்டம் வேண்டும். அது கால்நடை இலாகாவிடம் இருப்பது. ஜப்பானியக் காய்ச்சல் என்றிருந்தவரை சுகாதார அமைச்சு முன்னே, கால்நடை இலாகா பின்னே. நிப்பா என்று ஆனதும் இருவரும் தோளோடு தோள் நின்றாக வேண்டியதாயிற்று. அவர்களுக்கு மேலே அமைச்சரவை அளவில் ஒரு பணிக்குழு அமைந்தது.

அதன்பின் காரியங்கள் நடந்த வேகம் வியப்பளிப்பது. பன்றிகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்வது தடுக்கப்பட்டது. நோய் கண்ட வட்டாரங்களில் பன்றிகளை முற்றாக அழிக்க முடிவாயிற்று. பண்ணைக்காரர் ஓடிவிட்ட ஊரில் அந்த வேலையைச் செய்வது யார்? இராணுவம் வந்தது. ஏப்ரல் இறுதிக்குள் 896 பண்ணைகளில் ஏறத்தாழ 9 இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டு ஆழக் குழிகளில் புதைக்கப்பட்டன. கேட்பதற்கு இனிய செய்தியன்று. துப்பாக்கி ஏந்திய படைவீரர்கள் முகமூடியும் கையுறையும் காலணியும் அணிந்து வெயிலில் நாள்தோறும் அவ்வேலையைச் செய்தார்கள். பின்னர் 1,400க்கும் மேற்பட்ட படையினரின் இரத்தத்தைச் சோதித்தபோது 6 பேரிடம் மட்டுமே நிப்பாக் கிருமி தொற்றியதன் அடையாளம் இருந்தது. நோய் எவ்வழி வருகிறது என்று தெரிந்தபின் அணியப்பட்ட கவசத்தின் பயன் அது.

அடுத்த கட்டம் சத்தமில்லாதது; ஆனால் என் கருத்தில் அதுவே இந்தக் கூட்டு முயற்சியின் மிகச் சிறந்த பகுதி. நோய் தெரியாத பண்ணைகளில் கிருமி ஒளிந்திருக்கிறதா என்று எப்படி அறிவது? ஆஸ்திரேலியாவின் கீலோங் நகரிலுள்ள விலங்குநல ஆய்வுக்கூடத்தின் உதவியோடு, ஈப்போவிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் இரத்தப் பரிசோதனை முறை ஒன்று நிறுவப்பட்டது. கால்நடை ஊழியர்கள் நாடெங்கும் பண்ணை பண்ணையாகச் சென்று தாய்ப்பன்றிகளின் இரத்தத்தை எடுத்தார்கள். தாய்ப்பன்றியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கொழுக்க வைக்கும் பன்றி சில மாதங்களில் சந்தைக்குப் போய்விடும். தாய்ப்பன்றி ஆண்டுக்கணக்கில் பண்ணையிலே நிற்கும். பண்ணையில் நடந்ததையெல்லாம் அதன் இரத்தம் நினைவில் வைத்திருக்கும். ஏப்ரல் முதல் ஜூலை வரை நடந்த இச்சோதனையில் 889 பண்ணைகள் பார்க்கப்பட்டன. 50 பண்ணைகளில் கிருமியின் சுவடு தெரிந்தது. அவற்றின் பன்றிகளும் அழிக்கப்பட்டன. கொல்லப்பட்டவற்றின் மொத்தத் தொகை ஏறத்தாழ 11 இலட்சம். நோய்க்குமுன் நாட்டில் சுமார் 24 இலட்சமாக இருந்த பன்றிகள் சுமார் 13 இலட்சமாகக் குறைந்தன. 1,885ஆக இருந்த பண்ணைகள் 829 ஆயின.

மனித உயிர்க் கணக்கு: மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர், 105 பேர் இறந்தனர். உயிர் பிழைத்தவர்களிலும் சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து நோய் மீண்டும் மூளையைத் தாக்கியது.

பண்ணைக்காரருக்கு நட்டஈடு வழங்கப்பட்டதையும் கூட்டு நடவடிக்கையின் ஓர் உறுப்பாகவே எண்ண வேண்டும். அதைத் தருமமாகக் கருதுவோர் தவறிழைக்கின்றனர். ‘என் பன்றி இருமுகிறது’ என்று சொன்ன மறுநாளே கையில் ஒன்றுமில்லாமல் போவதாயிருந்தால் எவன் சொல்வான்? லோரியைத்தான் வாடகைக்குப் பிடிப்பான். நோய்ச்செய்தி மேலே வர வேண்டுமானால் செய்தி தருபவனுக்குப் பெருநட்டம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர்க் கரையில்

அந்நாளில் சிங்கப்பூரின் இறைச்சிக் கூடங்களுக்கு மலேசியாவிலிருந்தும் பன்றிகள் வந்தன. 1999 மார்ச்சில் இறைச்சிக் கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். அவர்களில் சிலருக்கு மூளைக் காய்ச்சலுக்குப் பதில் நுரையீரல் காய்ச்சலாகவே நோய் தோன்றியது. ஆயினும் அவர்களெல்லாரும் ஒரே தொழில் செய்பவர் என்பதை விரைவில் கண்டுகொண்டனர். மலேசியப் பன்றி இறக்குமதி நிறுத்தப்பட்டது. இறைச்சிக் கூடம் மூடப்பட்டது. நோய் அத்துடன் நின்றது. மலேசியா பட்ட துன்பம் அதற்குள் பெயரைக் கண்டுபிடித்துத் தந்திருந்தது என்பதையும் மறக்கலாகாது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே சிங்கப்பூருக்கு வேறு சோதனை வந்தது. 2003 மார்ச்சில் சார்ஸ் நோய் புகுந்தபோது அதற்கும் தொடக்கத்தில் பெயரில்லை. ஆனால் பெயரில்லை என்பதை ஒப்புக்கொண்டே நடவடிக்கை தொடங்கியது. டான் டோக் செங் மருத்துவமனை ஒன்றே சார்ஸ் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. உள்துறை அமைச்சர் தலைமையில் பல அமைச்சுகள் சேர்ந்த குழு அமைந்தது. பாசிர் பாஞ்சாங் மொத்தக் காய்கறிச் சந்தையில் நோய் தோன்றியதும் சந்தையையே மூடி, அங்கே தொழில் செய்த 2,000க்கும் மேற்பட்டோரை வீட்டிலிருக்கச் சொன்னார்கள். அந்நோயில் 238 பேர் வீழ்ந்து 33 பேர் மாண்டனர். மே மாத இறுதியில் உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

உலக அளவிலும் சட்டம் திருத்தப்பட்டது. 2005இல் ஏற்கப்பட்டு 2007 ஜூன் முதல் நடப்புக்கு வந்த அனைத்துலகச் சுகாதார விதிகளின்படி, ஒரு நாட்டில் தோன்றிய நோய் அயல்நாட்டுக்கும் அபாயம் விளைக்கக்கூடும் என்று கணித்த 24 மணி நேரத்துள் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். அதற்கென ஒவ்வொரு நாடும் இரவும் பகலும் தொடர்பு கொள்ளத்தக்க ஓர் அலுவலகத்தை வைத்திருக்க வேண்டும். முன்பிருந்த விதிகள் காலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல் என்று சில பெயர்களையே குறித்தன. பெயரில்லாத நோயையும் அறிவிக்கச் சொல்வது புதிய விதிகளின் சிறப்பு.

கோழிக்கோட்டில் அதே கிருமி

நிப்பாவே மீண்டும் தன்னைக் காட்டியபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம். 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மூளைக் காய்ச்சல் கண்டது. முதலில் இறந்தவருக்கு நோய் என்னவென்று எவரும் அறியவில்லை. இரண்டாமவர் வந்தபோது, ஒரே வீட்டில் இருவர் என்பது டாக்டர்களை உறுத்திற்று. உடனே மாதிரிகள் மணிப்பால் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. புனேயிலுள்ள தேசிய ஆய்வுக்கூடம் மே 20ஆம் தேதிக்குள் நிப்பா என்று உறுதி செய்தது. ஈப்போவில் ஐந்து மாதம் பிடித்தது இங்கே சில நாட்களில் முடிந்தது. இம்முறை நோய் பன்றியால் பரவவில்லை. முதல் நோயாளி கிடந்த மருத்துவமனையிலேயே ஆளிலிருந்து ஆளுக்குத் தாவியது. ஆகவே, நோயாளியோடு பழகிய 2,000க்கும் மேற்பட்டோரைத் தேடிக் கண்காணிப்பதே முதன்மையான வேலையாயிற்று. மாண்டவர்களில் நோயாளிக்குப் பணிவிடை செய்த ஒரு செவிலியரும் இருந்தார். ஜூன் மாதத்திற்குள் நோய் அடங்கியது.

இக்கிருமி பன்றிக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி 1999இல் எஞ்சி நின்றது. அதற்கும் விடை கிடைத்தது. பழந்தின்னி வௌவால்களே அதன் இயற்கை இருப்பிடம். தியோமான் தீவில், வௌவால்கள் தொங்கும் மரங்களின் கீழே விரிப்புகளைப் பரப்பி விழும் சிறுநீரைச் சேகரித்தும், அவை கடித்துப் போட்ட பழங்களைப் பொறுக்கியும், டாக்டர் சுவாவும் துணைவர்களும் கிருமியைப் பிடித்தார்கள். ஈப்போவை அடுத்த, நோய் தொடங்கிய பெரும் பண்ணையில் தொழுவங்களை ஒட்டி மாமரங்கள் நின்றன. வௌவால் தின்றுவிட்டுப் போட்ட மாம்பழத்தைப் பன்றி தின்றிருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அதன்பின் பன்றிப் பண்ணைகளில் தொழுவத்தருகே பழமரங்கள் இருக்கலாகாது என்ற கட்டுப்பாடு வந்தது. மரம் நடுவதைப் பற்றிய விதியைச் சுகாதாரத்திற்காகக் கால்நடை இலாகா நடத்த வேண்டிய நிலை! 1999க்குப் பிறகு மலேசியாவில் மனிதரிடையே நிப்பா நோய் மீண்டும் தோன்றவில்லை. வௌவால்களிடத்தில் கிருமி இருந்துகொண்டுதான் இருக்கிறது.